ஒளித்து வைத்த சீருடை

நம் தொலைக்காட்சி நாடகங்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. தாயையும் மகளையும் பிரிக்கலாம். ஆண்டுக் கணக்கில் பிரித்தே வைத்திருக்கலாம். ஆனால், அந்தப் பிரிவுக்கு அவர்கள் இருவரும் காரணமாக இருக்கக் கூடாது! அதற்கென்று மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். மாமியாரோ, கணவனின் பழைய தோழியோ, சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பாவோ, யாராவது ஒருவர் இடையில் புகுந்து கெடுத்திருக்க வேண்டும். உண்மை தெரிந்த மறுகணமே தாயும் மகளும் ஓடி வந்து கட்டிக்கொள்ள வேண்டும். பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்க வேண்டும்.

நான் பார்த்தவரையில் இந்தச் சட்டத்தை மீறிய தமிழ் நாடகம் அரிது. 1999ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ‘சித்தி’ மாற்றாந்தாய்க் கதை. 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யில் 5 பெண்களுக்கும் தகப்பன்தான், தாய் கதையிலேயே இல்லை. 2003 முதல் 2009 வரை நம் வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தையே தீர்மானித்த ‘கோலங்கள்’ தொடரில் அபியின் துன்பமெல்லாம் அப்பாவாலும் ஆதியாலும் வந்தது. அண்மைக் காலத்துக்கு வந்தால், 2019 முதல் 2023 வரை ஓடிய ‘பாரதி கண்ணம்மா’. அதில் இரட்டைக் குழந்தைகளில் ஒன்று தாயிடம் வளர்கிறது. மற்றொன்று அவளே தன் தாய் என்று தெரியாமல் அவளைச் ‘சமையல் அம்மா’ என்று அழைக்கிறது. மனைவியைச் சந்தேகப்படும் கணவர் ஒரு மருத்துவர். அவர் ஒரே ஒரு மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் நாடகம் எப்போதோ முடிந்திருக்கும் என்று கேலி செய்யாதவர் உண்டா? நானும் செய்தேன். ஆனால், எனக்கு உறுத்தியது வேறு. அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் இடையில் உள்ள தடை ஒரு தகவல் மட்டுமே. தகவல் கிடைத்தால் தீர்ந்தது. தகவல்கள் அத்தனையும் தெரிந்த பிறகும், ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே, ஒருவரையொருவர் இழந்து விடும் தாயும் மகளும் நம் நாடகங்களில் எங்கே?

இந்தக் கேள்வியோடு இருந்தபோதுதான் ‘மில்ட்ரெட் பியர்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடர் என் கைக்குக் கிடைத்தது. 2011ஆம் ஆண்டு எச்.பி.ஓ. நிறுவனத்தில் 5 பகுதிகளாக ஒளியேறியது. இயக்கியவர் டாட் ஹேன்ஸ். தாயாக நடித்தவர் கேட் வின்ஸ்லெட். அதற்காக எம்மி விருதும் பெற்றார். வளர்ந்த மகளாக ஈவன் ரேச்சல் வுட். மூலக்கதை ஜேம்ஸ் எம். கெய்ன் 1941இல் எழுதிய நாவல். 1945இல் இதே கதை திரைப்படமாகவும் வந்து, ஜோன் குரோஃபோர்டுக்கு ஆஸ்கார் விருதைப் பெற்றுத் தந்தது. ஆனால், அந்தப் படத்தில் ஒரு கொலையைச் சேர்த்து, மகளைக் காவல் துறையிடம் ஒப்படைத்து விட்டார்கள். கெட்டவர் தண்டனை பெற்றாக வேண்டும் என்பது அன்றைய ஹாலிவுட்டின் தணிக்கை நெறி. நாவலில் கொலை இல்லை. 2011ஆம் ஆண்டுத் தொடரிலும் இல்லை. அதனால்தான் தொடர் படத்தைவிட அதிகம் வலிக்கிறது. கொலை நடந்தால் குறைந்தது ஒரு முடிவாவது கிடைக்குமே!

கதை நடப்பது கலிபோர்னியாவில், கிளெண்டேல் என்ற ஊரில், 1931இல். உலகப் பொருளாதார மந்தம் அமெரிக்காவை உலுக்கிக் கொண்டிருந்த நேரம். மில்ட்ரெடின் கணவன் பெர்ட் வீடமைப்புத் தொழிலில் நொடித்துப் போனவன். வேறொரு பெண்ணுடன் பழகுகிறான். மில்ட்ரெட் அவனை வீட்டை விட்டு அனுப்பி விடுகிறாள். கையில் 2 பெண் பிள்ளைகள். மூத்தவள் வீடா, இளையவள் ரே. (என் அம்மா இந்தப் பெயரைக் கேட்டதும், “என்ன பேரு, வீடாவா? வாடகை வீடா, சொந்த வீடா?” என்றார். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பாத்திரத்தின் மேல் பாதிப் பயம் போய்விட்டது.)

மில்ட்ரெடுக்குத் தெரிந்த தொழில் சமையல் ஒன்றுதான். வேலை தேடி அலைகிறாள். ஒரு பணக்கார வீட்டில் வீட்டுவேலைக்கான நேர்காணல். சொல்வதற்கு முன் உட்காரக் கூடாது என்ற வகையில் அந்த வீட்டம்மாள் நடத்தும் விதம் பிடிக்காமல் எழுந்து வந்து விடுகிறாள். கடைசியில் ஓர் உணவகத்தில் பரிமாறும் பணிப்பெண் வேலை கிடைக்கிறது. கிடைத்த வேலையை நினைத்து அவளுக்கு வாந்தியே வருகிறது. அண்டை வீட்டுத் தோழியிடம் அழுகிறாள். பசியைவிட, பிள்ளைகளுக்குத் தெரிந்து விடுமோ என்ற அச்சம்தான் பெரிது. அதிலும் வீடாவுக்குத் தெரிந்து விடக் கூடாது. சீருடையை அலமாரியில் ஒளித்து வைக்கிறாள்.

வீடா கண்டுபிடித்து விடுகிறாள். கண்டுபிடித்ததைத் தாயிடம் நேரே கேட்டிருந்தால் அது சாதாரண நாடகம். அவள் செய்வது என்ன தெரியுமா? வீட்டில் உதவிக்கு வந்திருக்கும் லெட்டி என்ற பெண்ணுக்கு அந்தச் சீருடையை உடுத்தி விடுகிறாள்! வேலைக்காரியின் உடை வேலைக்காரிக்குத்தானே என்பது போல. 11 வயதுச் சிறுமியின் முகத்தில் அப்படியோர் அமைதி. மில்ட்ரெட் மகளை மடியில் போட்டு அடிக்கிறாள். அடி ஓய்ந்த பிறகுதான் எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அவள் மகளிடம் ஒரு பொய் சொல்கிறாள்: தான் அந்த வேலைக்குப் போனது சம்பளத்துக்காக அல்ல, தொழிலைக் கற்றுக் கொண்டு சொந்தமாக ஓர் உணவகம் திறப்பதற்காக என்று. அந்த எண்ணம் அவளுக்கு அந்த நொடிக்கு முன் இருந்ததே இல்லை. மகளின் கண்ணில் தன் மதிப்பைக் காப்பாற்றிக் கொள்ளச் சொன்ன பொய் அது. பிறகு அந்தப் பொய்யை உண்மையாக்க ஓடத் தொடங்குகிறாள். கோழிக் கறியும் இனிப்புப் பணியாரமும் விற்கும் ஒரு கடை, பிறகு இன்னொன்று, பிறகு கடலோரத்தில் மூன்றாவது. இத்தனைக்கும் அடித்தளம், ஒரு சிறுமியின் ஏளனம்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தக் காட்சிக்காகத்தான். பலர் இந்தத் தொடரைப் பார்த்து விட்டு, ‘நன்றி கெட்ட மகள்’ என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறார்கள். அப்படி முடிக்க என் மனம் ஒப்பவில்லை. பணிப்பெண் வேலை கேவலமானது என்று வீடாவுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அந்தச் சீருடையைப் பார்த்து முதலில் வாந்தி எடுத்தது யார்? தாய்தான். மகள் பள்ளியில் கற்றதும் இல்லை, தோழிகளிடம் கற்றதும் இல்லை. ஒளித்து வைக்கப்பட்ட உடை, இது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று அவளிடம் சொல்லி விட்டது. தாயின் வெட்கத்தை மகள் மரபுரிமையாகப் பெற்றுக் கொண்டாள். அதைத் தாயின் பக்கமே திருப்பிப் பிடித்தாள்.

இங்கே என் அன்பு வாசகர்களைச் சற்று நிறுத்தி ஒன்று கேட்க விரும்புகிறேன். உங்கள் வீட்டில் உங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் அறிவுரை என்ன? நம்மில் பெரும்பாலோர்க்கு விடை ஒன்றாகத்தான் இருக்கும். “நல்லா படி. என்ன மாதிரி கஷ்டப்படாத.” பால்மரக் காட்டில் விடியற்காலையில் இறங்கிய பாட்டி அம்மாவிடம் சொன்னது அது. தொழிற்சாலையில் மூன்று வேளை மாற்றி மாற்றி உழைத்த அம்மா நம்மிடம் சொன்னதும் அதுதான். அன்பினால் சொன்னது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால், அந்த வாக்கியத்தை ஒரு பெண் குழந்தை 15 ஆண்டுகள் தொடர்ந்து கேட்டு வளர்ந்தால் என்ன ஆகும்? என்னைப் போல் ஆகாதே, என்னைப் போல் ஆகாதே என்று கேட்டுக் கேட்டு, ஒரு நாள் அவள் உண்மையிலேயே அம்மாவைப் போல் ஆகாமல் போய் விடுகிறாள். சொன்ன சொல் தவறாத பிள்ளை! அவள் ஆங்கிலத்தில் சிரிக்கிறாள். அவளுடைய பாடத்தின் பெயரை அம்மாவால் உச்சரிக்க முடியவில்லை. தொலைபேசியில் “சாப்பிட்டியாமா?” என்று அம்மா கேட்கிறார். “ம்” என்கிறாள். அதற்கு மேல் இருவருக்கும் பேசப் பொருள் இல்லை. யாரும் யாரையும் வெறுக்கவில்லை. எந்த வில்லியும் நடுவில் இல்லை.

விடுதியில் நான் இருந்த காலத்தில் என்னோடு ஒரே தளத்தில் ஒரு மூத்த மாணவி இருந்தார். படிப்பில் கெட்டிக்காரர், மேடை ஏறினால் அருவி போல் பேசுவார். அவருடைய அம்மா ஒவ்வொரு நாளும் அதிகாலையில் நாசி லெமாக் கட்டி விற்றுத்தான் அவரைப் படிக்க வைத்தார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஏனென்றால் சொற்போரில் அவரே அதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறார். பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய வாரம் அவர் அம்மாவிடம் தொலைபேசியில் பேசிக் கொண்டிருந்தது நடைபாதையில் கேட்டது. எந்தச் சேலை உடுத்த வேண்டும், விரிவுரையாளர்கள் வந்தால் என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொண்டிருந்தார். கடுமையாகப் பேசவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. அவரை வீடா என்று சொல்ல மாட்டேன். அது அபாண்டம். ஆனால், மேடையில் பெருமையாக இருந்த நாசி லெமாக், மண்டப வாசலில் ஏன் சங்கடமாக மாறியது என்று யோசித்தால், கலிபோர்னியாவின் அந்த அலமாரி எனக்கு அத்தனை தூரத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

கதைக்கு வருவோம். இளைய மகள் ரே காய்ச்சலில் இறந்து விடுகிறாள். அப்போது மில்ட்ரெட் மான்டி என்ற பழைய பணக்காரக் குடும்பத்து ஆடவனோடு வெளியூரில் இருந்தாள். அந்தச் சாவுக்குப் பிறகு அவளுடைய அன்பு முழுவதும் வீடாவின் மேல் கவிழ்கிறது. போனது ரே, வீடா அல்ல என்ற நிம்மதி தன்னுள் எழுவதை அந்தத் தாய் உணர்வதாகக் கெய்ன் தம் நாவலில் எழுதியிருக்கிறார். தாய்மையைப் பற்றி இவ்வளவு இரக்கமின்றி எழுத ஒரு துணிவு வேண்டும். நம் நாடகத்தில் இப்படி ஒரு காட்சியை வைத்தால் மறுநாளே நிலையத்துக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்து விடும்.

வீடா பியானோ பயில்கிறாள். தன்னிடம் உண்மையான மேதைமை இல்லை என்று தெரிய வரும்போது உடைந்து போகிறாள். பிறகு ஒரு பணக்கார வீட்டுப் பையனால் கருவுற்றிருப்பதாகப் பொய் சொல்லி, அந்தக் குடும்பத்திடமிருந்து பெருந்தொகை கறக்கிறாள். ஏன் என்று தாய் கேட்கிறாள். அப்போதுதான் வெடிக்கிறது. அந்தப் பணம் எதற்கென்றால், தாயிடமிருந்தும் அவளுடைய கோழிக் கறியிலிருந்தும் எண்ணெய்ப் பிசுக்கு வாடையிலிருந்தும் தப்பிப்பதற்காம்! அந்த எண்ணெய்ப் பிசுக்கில்தான் அவளுடைய பியானோ, உடைகள், பாடங்கள் எல்லாம் வந்தன. மில்ட்ரெட் அவளை வீட்டை விட்டுத் துரத்துகிறாள்.

அதன் பிறகு வரும் பிரிவுதான் தொடரின் உயிர். மில்ட்ரெட் தன் கடலோர உணவகத்தில் இருக்கிறாள். வானொலியில் ஒரு பெண் பாடுகிறாள். ஐரோப்பிய இசைநாடகப் பாடல்; மிக உச்சத்தில் ஏறி இறங்கும் குரல். அது வீடா. தன் மகளுக்குப் பாட வரும் என்பதே தாய்க்கு அதுவரை தெரியாது! வளர்த்தவளுக்குத் தெரியாத குரல் ஊருக்கெல்லாம் கேட்கிறது. அவள் எழுந்து வெளியே, கடலைப் பார்த்து நடக்கிறாள். வசனம் இல்லை. நம் நாடகமாக இருந்தால் அந்த இடத்தில் அவள் முகத்தை மூன்று முறை, மூன்று கோணத்தில், இடி முழக்கத்தோடு காட்டியிருப்பார்கள். விளம்பரமும் வந்திருக்கும்.

இந்தக் காட்சியை அம்மாவோடு சேர்ந்துதான் பார்த்தேன். மலாய் மொழியில் துணைவரிகள் ஓடிக் கொண்டிருந்தன. அம்மா பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். ஆனால் நாடகம் பார்ப்பதில் பேராசிரியர். சீருடைக் காட்சியில் மில்ட்ரெட் மகளை அடித்தபோதே, “அடிச்சது சரிதான், ஆனா ரொம்ப லேட்டு” என்று தீர்ப்பு வழங்கியிருந்தார். வானொலிக் காட்சியில் எனக்குக் கண் கலங்கியது. அம்மா கலங்கவில்லை. “இவ புள்ளையத் தேடிப் போகப் போறதில்ல பாரு. பாட்டத் தேடிப் போறா” என்றார்.

அடுத்த காட்சிகள் அதைத்தான் சொன்னன. மில்ட்ரெட் மகளின் இசை ஆசிரியரைத் தேடிப் போகிறாள். அவர், இந்தப் பெண் பாம்பு போன்றவள், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து வியக்கலாம், வீட்டுக்குக் கொண்டு போகாதே என்ற பொருளில் எச்சரிக்கிறார். அவள் கேட்கவில்லை. மகள் விரும்பக் கூடிய வாழ்க்கை வேண்டுமென்று, மான்டியின் பசடீனா மாளிகையை விலைக்கு வாங்கி, அவனையே மணந்தும் கொள்கிறாள். வீடா திரும்பி வருகிறாள். உணவகங்களின் பணமெல்லாம் இந்த வாழ்க்கைக்குக் கரைகிறது. இறுதியில், மகளைக் கணவனின் படுக்கையறையில் காண்கிறாள். அவள் கழுத்தை நெரிக்கிறாள். வீடாவின் குரல் போய் விட்டதாக எல்லாரும் நம்புகிறார்கள். ஒரு வானொலி ஒப்பந்தத்திலிருந்து விடுபட அவள் ஆடிய நாடகம் அது என்பது பின்னால் தெரிகிறது. வீடா நியூயார்க்குக்குப் போகிறாள். மில்ட்ரெட் மீண்டும் பெர்ட்டோடு வாழ்கிறாள். இருவரும் குடிக்க உட்காருகிறார்கள். முடிந்தது. “சரி, அவளும் கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்” என்று அம்மா எழுந்து போய்த் தேநீர் கலக்கினார்.

எனக்கு அந்த முடிவில் நிம்மதி இல்லை. தொடரின் மேல் எனக்குள்ள பெரிய குறையும் அதுதான். 5ஆம் பகுதியில் வீடாவைப் பாம்பாக்கி விட்டார்கள். பாம்பு என்று சொல்லி விட்டால் பிறகு கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா? அந்தப் பெண்ணுக்குத் தன் தாயிடமிருந்து என்னதான் வேண்டியிருந்தது என்று ஒரு முறையாவது காட்டியிருக்கலாம். பியானோவில் தோற்று அவள் கட்டிலில் குப்புறக் கிடக்கும்போது ஒரு சிறு வாசல் திறந்தது. இயக்குநர் எட்டிப் பார்த்து விட்டு மூடி விட்டார். அந்த அளவில் இதுவும் நம் நாடகங்களைப் போலத்தான்: பழியைச் சுமக்க ஒரு வில்லி கிடைத்து விட்டாள், அவள் மகளாகவே இருந்து விட்டாள், அவ்வளவு வேறுபாடு. மெதுவாகப் போகிறது என்ற குறையைச் சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. நாலைந்து ஆண்டு ஓடும் தொடரை அயராமல் பார்க்கும் இனம், 5 பகுதிக்கு அலுத்துக் கொள்வது நியாயமா?

ஆனாலும், தாயை இத்தனை நேர்மையாகக் காட்டியதற்காக எல்லாக் குறைகளையும் மன்னிக்கலாம். மில்ட்ரெட் தியாகி அல்லள். அவள் உழைப்பு உண்மை. அதே சமயம், கொடுத்ததெல்லாம் விலையும்கூட. மகளின் மதிப்பை அவள் விலைக்கு வாங்கப் பார்த்தாள். விற்பனைக்கு இல்லாத பொருளுக்கு விலை ஏறிக் கொண்டே போகும். கடைசியில் 3 உணவகங்கள் போயின. நம் மேடைகளில் இப்படி ஒரு தாயை நிறுத்த நமக்குத் தயக்கம். தாய் என்றால் தெய்வம், தியாகம், கருவறை. தெய்வத்தோடு யாரும் சண்டை போட முடியாது. ஆகவே சமாதானமும் ஆக முடியாது. கும்பிடலாம். கும்பிட்டு விட்டு விடுதிக்குப் பேருந்து ஏறி விடலாம்.

இதைத் தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கடந்த சில ஆண்டுகளாகக் கழகத்தின் கவிதைப் போட்டிக்கு வந்த படைப்புகளை முதற்கட்டமாகப் பிரித்துக் கொடுக்கும் பணி எனக்குக் கிடைத்தது. தாயைப் பற்றிய கவிதை வராத ஆண்டே இல்லை. மெழுகுவர்த்தி உருகாத கவிதையும் இல்லை. பத்து மாதம், கருவறை, உதிரம், மெழுகு. பெயர்களை மூடி விட்டுப் படித்தால் எல்லாம் ஒரே அம்மா. ஒரு கவிதையிலாவது அந்த அம்மா எந்த ஊரில், என்ன வேலை பார்த்தார், எதற்குக் கோபப்பட்டார், கடைசியாக எதைச் சொல்லி மகளின் மனத்தை நோகடித்தார் என்று இருக்கவில்லை. எழுதியவர்கள் நம்மைப் போன்ற மாணவர்கள்தாம். அவர்கள் வீட்டிலும் சண்டை நடந்திருக்கும். அதை மட்டும் அலமாரியில் வைத்து விட்டு வந்திருக்கிறார்கள்.

அடுத்த செயலவைக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. வரும் ஆண்டில் ‘தாய்மை’ என்ற தலைப்புக்கு ஓய்வு கொடுங்கள். ‘அம்மாவின் வேலை’ என்று தலைப்புக் கொடுங்கள். அல்லது ‘அம்மாவோடு போட்ட சண்டை’ என்று கொடுங்கள். எழுதுபவர் முதலில் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், கூலி எவ்வளவு, மேற்பார்வையாளர் எப்படி என்று நாலு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். பரிசுத் தொகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நடுவராக இருக்க என் அம்மா தயார், கேட்டு விட்டேன். “மெழுகுவத்தி வந்தா மார்க்கு வெட்டிருவேன்” என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.